ஐந்தாவது ஓட்டை

ஏங்க,

இன்னைக்குக் காலையில் உங்க கால்குலேட்டரில் நம்பர் கண்ணுக்கே தெரியலை. கொஞ்ச நாளாகவே மங்கிக்கொண்டுதான் வந்தது. மூடியைத் திறந்தால் இன்னும் அந்தக் கட்டிங் ஆயில் வாசனை. அதற்காகவே துடைக்காமல் வைத்திருக்கிறேன்.

பீன்யாவில் நம்ம பட்டறை ஷெட்டில் உங்க கை எப்போதும் எண்ணெயாக இருக்கும். பட்டன் அமுக்க என்னை ஸ்டூல் போட்டு உட்கார வைத்தீங்க. அஞ்சாவது வரைக்கும் படித்தவள் நான். வட்டத் தகட்டில் சுற்றிலும் ஓட்டை போடணும். டிராயிங்கில் நடுவிலிருந்து தூரமும் கோணமும் இருக்கும். மில்லிங் மிஷினுக்கோ நேராக இவ்வளவு, பக்கவாட்டில் இவ்வளவு என்று மாற்றிச் சொல்லணும். எதுக்கு இந்த மாற்றல் என்று முழித்தேன்.

"நம்ம ஷெட்டுலேர்ந்து டீக்கடைக்குக் குறுக்கால நடந்தா ஒரு கணக்கு. நேரா போய் சந்துல திரும்பினா வேற கணக்கு. கடை ஒண்ணுதான் புள்ள."

"அப்போ டீ வாங்கித் தாங்க, நல்லாப் புரியும்" என்றேன்.

ஒருமுறை நம்ம பொண்ணு கவிதா காலேஜ் பாடத்துக்குக் கால்குலேட்டரை எடுத்துப்போய், கோண அளவை டிகிரியிலிருந்து ரேடியனுக்கு மாற்றி அப்படியே விட்டுவிட்டாள். திரையில் மேலே டி போய் ஆர் வந்திருந்தது. அது தெரியாமல் நான் நம்பர் படிக்கப் படிக்க நீங்க துளைத்தீங்க. தகட்டைத் தூக்கிப் பார்த்து, "என்ன புள்ள, எலி கடிச்ச மாதிரி இருக்கு" என்று சிரிச்சீங்க. அதற்கப்புறம் எந்தத் தகடு ஏற்றினாலும் "மேல டி இருக்கா?" என்பீங்க. "இருக்குங்க" என்று நான் சொன்னால்தான் மிஷினை நகர்த்துகிற சக்கரத்தில் கை வைப்பீங்க.

அன்றைக்கு ஆறு ஓட்டைத் தகடு. நாலு முடிந்தது. "அஞ்சாவது சொல்லு." தூரம் ஐம்பது, கோணம் இருநூற்று நாற்பது என்று அமுக்கினேன். "மைனஸ் இருபத்தஞ்சு. மைனஸ் நாற்பத்து மூணு புள்ளி மூணு." சக்கரம் திரும்பவில்லை. மிஷின் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று இன்னும் உரக்கச் சொன்னேன். அப்புறம்தான் தலையைத் தூக்கினேன். நெஞ்சைப் பிடித்தபடி மிஷின் மேலேயே சாய்ந்திருந்தீங்க.

நீங்க போனப்புறம் மிஷினை வித்தாச்சு. கால்குலேட்டரைத் தரவில்லை. கடைசியாக உங்களுக்குச் சொன்ன இரண்டு நம்பரும் அதுக்குள்ளேயே இருக்கிறது என்று கவிதா எடுத்துக் காட்டினாள். தினமும் பார்ப்பேன். வேறு கணக்குப் போட அவளைக்கூட விட்டதில்லை.

வாட்ச் கடைக்காரர் பார்த்துவிட்டு, "செல் ஹோகிதேம்மா" என்றார், செல் தீர்ந்துபோச்சாம். வேற போடட்டுமா என்று கேட்டார். செல்லை எடுத்தால் உள்ளே இருக்கிற நம்பர் அழிந்துவிடும் என்று கவிதா முன்னமே சொல்லியிருந்தாள். எடுக்காவிட்டாலும் போகத்தான் போகிறது. கையிலிருந்து கொடுக்க மனசு வரலை. கடைசியில் "ஹாகி அண்ணா", போடுங்க என்று நீட்டிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து திறந்தேன். பளிச்சென்று சைபர்.

அடுப்பு பற்றவைக்கப் போனால்கூட உங்க குரல்தான் முதலில் கேட்கும், "மேல டி இருக்கா?" என்று. பார்த்தேன். இருந்தது. நானே ஐம்பது, இருநூற்று நாற்பது அமுக்கினேன். அதே நம்பருங்க. ஒரு புள்ளி மாறலை. அழிந்துபோகுமே என்று இத்தனை நாள் எதைக் கட்டிக் காத்தேன்?

நாலு ஓட்டையோடு அந்தத் தகடு அலமாரியில் இருக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்து சத்தமாகச் சொன்னேன். மைனஸ் இருபத்தஞ்சு. மைனஸ் நாற்பத்து மூணு புள்ளி மூணு. சொல்லிவிட்டு, பழக்கத்தில், சக்கரம் திரும்புகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.