கோணல் வரிசை

அன்புத் தங்கைக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். அரைமணி நேரம் குனிந்து நாற்று நட்டதை உன் அத்தான் ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிகிறார்.

உன் செல்லம் நலம். குளிப்பாட்டினால், "சித்தி இப்படி வலிக்கத் தேய்க்க மாட்டாங்க" என்கிறாள். சோறு பிசைந்தால், "சித்தின்னா உருட்டித் தருவாங்க." எட்டு வருஷமாக நான் என்ன அவளைப் பட்டினியா போட்டேன்?

வயலில் அவள் கோணல்மாணலாக நட்ட வரிசைக்குப் பக்கத்தில் குச்சி ஊன்றி, "இது என் செல்லத்தோடது, யாரும் தொடாதீங்க" என்றாய். அதற்கு அடுத்த வரிசை நான் நட்டது. வரப்பேறி நான் கால் கழுவுவதற்குள் அதை மட்டும் பிடுங்கி, நேராக நட்டுவிட்டாய். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

கிளம்பும்போது சிரித்துக்கொண்டே கேட்டாயே, "இவ இங்கேயே இருந்து படிக்கட்டுமேக்கா. நாத்தைப் பிடுங்கி வேற இடத்துல நட்டாத்தானே தழைக்குது?" பஸ் வந்துவிட்டதால் நானும் சிரித்து வைத்தேன்.

அது நாற்றுக்குச் சரி.

தன் வரிசை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தினமும் கேட்கிறாள். எழுது. அவளுக்கு வேண்டாம், எனக்கு எழுது. நான் படித்துச் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா