மோந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை

வடக்குப்பட்டு,
17.11.2024

அன்பு சுகா,

நீங்கள் இரண்டு பேரும் எப்படி இருக்கிறீர்கள் என்று தினமும் போனில் கேட்கிறேன். நீயும் தினமும் "நல்லா இருக்கோம்" என்கிறாய். அதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை. எப்படி வரும்? உன் போன் பழுதானதிலிருந்து உன் அண்ணன் போன்தான். அதில் ஸ்பீக்கரை அமுக்கி நடுவீட்டில் வைத்துவிட்டு உன் மதினி பக்கத்திலேயே கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். புருஷன் பெண்டாட்டி பேச்சா அது, பஞ்சாயத்து. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதிய கை இது. கோழிக் கிறுக்கல் என்று சிரிக்காதே.

நம் பிள்ளை கவியாவுக்கு மூச்சு இழுப்பு வந்தபோது குன்றத்தூர் டாக்டர் சொன்னாரே, வீட்டில் மணக்கிற சாமான் எதுவும் இருக்கக் கூடாது என்று. அந்த வேலையில் இறங்கிவிட்டேன். கம்பெனியில் மாதக் கடைசியில் மூடி கோணியது, லேபிள் சுருங்கியது என்று ரிஜெக்ட் பாட்டில்களைப் பிரித்துக் கொடுப்பார்களே, நம் அலமாரி முழுக்க அதுதான். தரை துடைக்க, துணி அலச, கை கழுவ, ரூமில் அடிக்க. கல்யாணமான புதிதில் அதைச் சீர்வரிசை மாதிரி தூக்கி வருவேன். நீயும் ஒவ்வொரு மூடியாகத் திறந்து "இது மல்லி, இது ரோசா" என்பாய். அத்தனையையும் பக்கத்து வீட்டு கனகலட்சுமி அக்காவிடம் கொடுத்துவிட்டேன். "இன்னாப்பா, பொண்டாட்டி ஊருக்குப் போனதும் சாமியாரா மாறிட்டியா? எல்லாத்தையும் எடுத்துகினு போறேன், அப்பால திருப்பிக் கேக்கக் கூடாது" என்று சந்தோஷமாக அள்ளிக்கொண்டு போனார்.

இப்போது தரைக்கு வெந்நீரும் சோடா உப்பும். துணிக்கு மணம் போடாத பார் சோப்பு. தலைக்குச் சீயக்காய், அது கண்ணில் விழுந்து ஒரு நாள் அரை ஷிப்ட் அழுதேன். கொசுவர்த்திக்குப் பதில் வலை கட்டியிருக்கிறேன். மூன்று பேர் படுக்கிற வலையாகப் பார்த்து வாங்கினேன். அதற்குள் ஒற்றை ஆளாகப் படுக்க எனக்குப் பிடிக்கவே இல்லை.

உன்
இசக்கிபாண்டி


இளையரசனேந்தல்,
29.11.2024

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்தபோது மதினி முகத்தைப் பார்க்க வேண்டுமே! "வீட்டுக்குள்ள போன் இருக்கையில காயிதம் எதுக்குட்டி?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கே எனக்கென்று ஒரு பொருள் வந்து எத்தனை காலமாயிற்று.

கவியா இங்கே நன்றாகத் தூங்குகிறாள். தீபாவளிக்கு நீங்கள் வந்திருந்தபோது இழுத்ததுதான் கடைசி. அது பட்டாசுப் புகை. அதற்குப் பிறகு ஆவி பிடிக்கிற மிஷினை எடுக்கவே இல்லை.

நீங்கள் செய்வதெல்லாம் சரி. இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். சுத்தமாகட்டும் என்று பாத்ரூம் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றிவிடாதீர்கள், அந்தப் புகை உங்களுக்கே ஆகாது. அப்புறம், இயற்கை என்று எழுதியிருக்கிறது என்பதற்காக எதையும் வாங்க வேண்டாம். போன வாரம் மதினி லெமன்கிராஸ் எண்ணெய் போட்டுத் தரை துடைத்தாள். அதற்கும் பிள்ளை இருமினாள். எங்கிருந்து எடுத்தால் என்ன, மூக்கில் ஏறினால் அவளுக்கு ஒன்றுதான்.

அண்ணன் ஒரு பேச்சு ஆரம்பித்திருக்கிறான். ஜூன் மாதம் கவியாவை இங்கேயே எல்.கே.ஜி.யில் சேர்த்துவிடலாம் என்கிறான். சேர்த்துவிட்டால் அப்புறம் நீங்கள் அங்கே, நாங்கள் இங்கே என்றே காலம் போய்விடும். எனக்கு அது வேண்டாம். பொங்கல் கழிந்து அண்ணன் வேலையாகச் சென்னைக்கு வருகிறான், அவனோடு நாங்களும் வருகிறோம். அந்த வீட்டில் அவளுக்கு ஒத்துக்கொண்டால் அப்படியே இருந்துவிடுவோம். நான் மனதை அப்படித்தான் கட்டி வைத்திருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். கேன்டீன் தயிர்சாதத்தையே மூன்று வேளையும் தின்னாதீர்கள்.

உங்கள்
சுகப்பிரியா


வடக்குப்பட்டு,
5.1.2025

அன்பு சுகா,

நீ வருகிறேன் என்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வார லீவு நாளெல்லாம் வீட்டு வேலைதான். பாயை மாற்றினேன். திரைத்துணியைக் கஞ்சி வாடை போக அலசினேன். சுவருக்கு வெறும் சுண்ணாம்பு அடித்தேன்.

காம்பவுண்டுதான் சவால். கம்பெனியில் இந்த மாதம் லாவண்டர் ஓடுகிறது. அதனால் இங்கே எட்டு வீட்டுக் கொடியிலும் லாவண்டர் காய்கிறது. நீங்கள் வருகிற அன்று மட்டும் யாரும் வாசலில் அதை ஊற்றிக் கழுவ வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "ஏரியாவே கமகமன்னு கீது, அது போய் ஒனக்கு நோவுதா?" என்று கனகலட்சுமி அக்கா கேட்டார். ஆனால் பிள்ளைக்காக என்றதும் ஒத்துக்கொண்டார். ஊதுவத்தியைக்கூட அன்றைக்கு மொட்டை மாடியில் ஏற்றுகிறாராம், சாமி அங்கே வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றார்.

நேற்று கதவைச் சாத்திவிட்டு நாலு மூலையிலும் மோந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. தலையணை, பாய், துணிப்பெட்டி, எதிலும் இல்லை. மிக்ஸிங் ரூமில் செண்ட் கலந்ததும் முதலில் மோந்து பார்த்து ஓகே சொல்கிறவனே நான்தானே. என் மூக்கை நம்பி வா.

கவியாவுக்குத் தலையாட்டுகிற மர மாடு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். சாயம் பூசாதது. உங்கள் இரண்டு பேர் சத்தமும் இந்த வீட்டில் கேட்டால் போதும் எனக்கு.

உன்
இசக்கிபாண்டி


இளையரசனேந்தல்,
3.2.2025

அன்புள்ள அத்தானுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். கவியாவுக்கு இப்போது மூச்சு சரியாகிவிட்டது. மர மாட்டைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள்.

ஒரு ராத்திரிகூட முழுசாகத் தங்காமல் ஏன் கிளம்புகிறீர்கள் என்று நீங்கள் பஸ் ஸ்டாண்டில் கேட்டீர்கள். நான் "ஒரகடம் பேக்டரிக் காத்து ஒத்துக்கல" என்றேன். அது பொய். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிஜத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இங்கே வந்து இத்தனை நாள் எழுதி எழுதிக் கிழித்தேன்.

அத்தான், வீடு நன்றாக இருந்தது. நாங்கள் மத்தியானம் வந்தோம், நீங்கள் ஷிப்டில் இருந்தீர்கள். அவள் உள்ளே ஓடினாள், தரையில் உருண்டாள், வலைக்குள் புகுந்து விளையாடினாள். ஒரு இருமல் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, இனி இங்கேதான் என்று சோறு பொங்கினேன். சாயங்காலம் நீங்கள் வந்தீர்கள். அவள் ஓடிவந்து உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றாள். விளக்கு வைப்பதற்குள் இழுக்க ஆரம்பித்துவிட்டது. நீங்கள் பாயை உதறினீர்கள், பக்கத்து வீட்டுக்காரர்களைத் திட்டினீர்கள். நான் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாசனை உங்களிடம் இருக்கிறது. சட்டையில் மட்டும் இல்லை. நீங்கள் இரண்டு தடவை குளித்தீர்கள், பயறு மாவு தேய்த்தீர்கள், அப்படியும் தலைமுடியிலும் தோலிலும் இருந்தது. வருஷக்கணக்காக அதையே கலந்துகொண்டிருக்கிறவருக்கு அது தெரியாது. உங்கள் மூக்குக்கு அது மரத்துப்போய்விட்டது. தீபாவளிக்கு இழுத்ததும் பட்டாசு இல்லை என்று இப்போது புரிகிறது.

வேலையை விடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நிரந்தர வேலை கிடைக்க நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. ஸ்கூல் விஷயத்தில் அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்ல?

கோபப்படாதீர்கள். கோபப்பட்டாலும் எழுதுங்கள்.

உங்கள்
சுகப்பிரியா


பிள்ளைப்பாக்கம்,
6.4.2025

அன்பு சுகா,

இரண்டு மாதமாக நான் எழுதவில்லை. போனிலும் "சாப்பிட்டியா" என்பதோடு வைத்துவிட்டேன். கோபம்தான். உன் மேல் இல்லை. பெற்ற பிள்ளைக்கு நானே ஆகாதவன் என்று எழுத்தில் படித்தால் எந்த அப்பனுக்கு வலிக்காது? அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன், மிக்ஸிங் டிரம் பக்கத்தில் நின்று வேண்டுமென்றே இழுத்து இழுத்து மோந்தேன். லாவண்டர் பீப்பாய் திறந்து கிடக்கிறது, எனக்கு வெறும் காற்றாகத்தான் இருந்தது. அத்தனை நாளும் நான் நிறத்தையும் பக்குவத்தையும் பார்த்துத்தான் ஓகே சொல்லிக்கொண்டிருந்தேன் போல. அன்றைக்குத்தான் பயந்தேன்.

சூப்பர்வைசர் எல்லப்பனிடம் லோடிங்குக்காவது மாற்றிவிடுங்கள் என்று கேட்டேன். "கம்பெனி பூரா இதே காத்துதாம்பா. ஒனக்கு இன்னா தனிக் காத்தா வுடுவாங்க?" என்றார். நியாயம்தானே. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது ஒரகடத்தில் கார் பாகத்துக்குத் தகடு வளைக்கிற இடத்தில் இருக்கிறேன். காண்டிராக்ட்தான். புது ஆள் என்று சின்னப் பையன்கள் எல்லாம் என்னை அதட்டுகிறார்கள். இருக்கட்டும். நீ சொல்லித்தான் விட்டேன் என்று ஒரு நாளும் நினைக்காதே.

காம்பவுண்டையும் காலி செய்துவிட்டேன். இங்கே ஒரு அறை, பின்னால் நெல் வயல். பழைய சட்டை, போர்வை, தலையணை ஒன்றும் கொண்டுவரவில்லை. தலையையும் மொட்டை அடித்துக்கொண்டேன். ஆரம்பத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. போன வாரம் கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பையன் சட்டைக்குள் ஏதோ செண்ட் அடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். எனக்குத் தலை வலித்தது. சுகா, எனக்கு வலித்தது! கனகலட்சுமி அக்காவைப் பார்க்கப் போனால் வாசலிலேயே அடுக்குத் தும்மல். "எங்கூட்டாண்ட நிக்கவே முடியலையா ஒன்னால?" என்று அவர் கண் கலங்கிவிட்டார். அந்த வாசனைக்குள்தான் என் பிள்ளை பிறந்த நாளிலிருந்து கிடந்திருக்கிறாள். திரும்பி நடந்து வரும்போது ரோட்டிலேயே அழுதேன்.

இந்த அறையில் யாரும் இல்லை, எந்த வாசனையும் இல்லை. சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால் ஊரில் நான் ஒருத்தன்தான் மிச்சம் என்று தோன்றுகிறது. பக்கத்தில் ஸ்கூல் விசாரித்துவிட்டேன், ஜூனில் சேர்க்கலாம். உன் அண்ணனிடம் சொல். வாருங்கள்.

உன்
இசக்கிபாண்டி


இளையரசனேந்தல்,
16.4.2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மதினியிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள், வெகுநேரம் வரவில்லை. ஸ்கூல் பேச்சை அண்ணன் விட்டுவிட்டான். நாங்கள் வருகிறோம். அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் முன்பு எழுதிய கடிதங்கள் எல்லாமே மணந்தன. கவரைப் பிரித்ததும் அடிக்கும், காம்பவுண்டு வாசனைதான் ஏறியிருக்கிறது என்று அப்போது நினைத்தேன். நான் காகிதத்தைக் கொடியில் கிளிப் போட்டு ஒரு நாள் காயவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டு வருவேன். கவியா கொடிக்குக் கீழே போய் நின்றுகொள்வாள். "அப்பா வாசனை, அப்பா வாசனை" என்று எக்கி எக்கி மூக்கை நீட்டுவாள். நான் தூக்கிக்கொண்டு ஓடிவருவேன், கையில் கிடந்து உதைப்பாள். அவளுக்கு ஆகாததும் அதுதான், அவளுக்குத் தெரிந்த அப்பாவும் அதுதான். உங்களுக்கு எப்படி இதை எழுதுவது?

நீங்கள் இப்போது எழுதியதில் எந்த வாசனையும் இல்லை. அதனால் பயப்படாமல் நேராக அவள் கையில் கொடுத்தேன், அப்பா எழுதியிருக்கார் என்று. முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். திருப்பி வைத்தும் மோந்தாள். "இது எங்கப்பா இல்ல" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு மாட்டோடு விளையாடப் போய்விட்டாள்.

முதலில் நீங்கள் இங்கே வாருங்கள் அத்தான். லீவு கிடைக்காது என்பீர்கள், சம்பளம் போனால் போகட்டும், நாலு நாள் இருங்கள். மொட்டைத் தலையோடு வாசலில் வந்து நின்றால் அவளுக்கு உங்களைத் தெரியாது. என் முந்தானைக்குப் பின்னால் ஒளிவாள், வீல் என்று கத்துவாள். நீங்கள் ஒன்றும் பேசாமல் தள்ளி உட்கார்ந்திருங்கள். அவளாக வரட்டும்.

உங்களை எனக்குத் தெரியும். பிள்ளை அடையாளம் கண்டுபிடிக்கட்டும் என்று கனகலட்சுமி அக்காவிடம் பழைய பாட்டிலைக் கேட்டு வாங்கி ஒரு சொட்டு சட்டையில் தடவிக்கொண்டு வரக்கூடியவர் நீங்கள். வேண்டாம். அவள் அழுதால் அழட்டும்.

உங்கள்
சுகப்பிரியா