வாஹித் பாஷாவுக்குக் கொடுத்த தோள்

ஆம்பூர்
9-10-1936

அன்பும் பிரியமும் உள்ள மகன் தானியேலுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் தங்கச்சியும் சுகம், ரங்கூனில் உன் சுகத்துக்கு எழுது. முதல் வரியில் சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அம்மாவுக்கு இருமல் கொஞ்சம் கம்மி. எனக்குத்தான் மனசு சரியில்லையப்பா.

டேனரியில் ஆறு பேரை வேலையிலிருந்து நிறுத்தியதற்காக நாங்கள் மறியல் செய்ததும், முதலாளி கோர்ட்டில் தடையுத்தரவு வாங்கியதும் உனக்குத் தெரியும். வாசலிலிருந்து இருநூறு கஜத்துக்குள் நாங்கள் கூட்டமாக நிற்கவோ நடக்கவோ கூடாது என்று கோர்ட் அமீனா சுவரில் ஒட்டிவிட்டுப் போனான், அதில் மூன்றாவது பெயர் என்னுடையது. நாங்களும் கட்டுப்பட்டுத்தான் இருந்தோம். போன மாதம் வாஹித் பாஷா காய்ச்சலில் போய்விட்டான். பதினெட்டு வருஷம் அவனும் நானும் ஒரே சுண்ணாம்புத் தொட்டியில் தோல் இழுத்தவர்கள். பள்ளிவாசலிலிருந்து அடக்கம் செய்யும் கபரஸ்தானுக்கு டேனரி வாசலைத் தாண்டாமல் வேறு வழி ஏது? ஜனாஸா போனால் நாலடியாவது தோள் கொடுப்பது அவர்கள் முறை, நானும் கொடுத்தேன். என் முறை வந்தபோது சரியாக வாசலுக்கு நேரே இருந்தோம். பிணத்தைச் சுமக்கிறவன் கஜக்கோலை வைத்துக்கொண்டா நடப்பான்? அங்கே நின்ற டேனரி கிளார்க்கு பெயர்களைக் குறித்துக்கொண்டான்.

இப்போது உத்தரவை மீறினோம் என்று எட்டு பேர் மேல் கேஸ். சாயபு ஜனாஸாவில் கிறிஸ்தவனுக்கு என்ன வேலை, இது மறியல்தான் என்று முதலாளியின் வக்கீல் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆறு மாசம் சிவில் ஜெயில், வீடும் ஜப்தியாகுமாம். ஜனாஸாவைச் சாக்கு வைத்து மறியலுக்குத்தான் போனோம், மன்னிக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் என்னை விட்டுவிடுவார்களாம். அந்தக் கையெழுத்தே மற்ற ஏழு பேருக்கும் எதிர்ச்சாட்சி. வாஹித்தின் தம்பி குர்ஷித்தும் அதில் ஒருத்தன்.

ஜெயிலுக்குத் துணிந்துதான் இருந்தேன். நேற்று கிளார்க்கு வீட்டுக்கே வந்து, "ஒம்புள்ள ரங்கூன்ல நம்ம மொதலாளி கிடங்குலதானே இருக்கான், யோசிச்சுக்க" என்று சொல்லி, அம்மா கொடுத்த மோரையும் குடித்துவிட்டுப் போனான். அதிலிருந்து அம்மா அழுதுகொண்டே இருக்கிறாள். வாஹித்தின் பெண்டாட்டி மஹ்பூபியும் வந்து, "போட்டுடுங்கண்ணே, அவரு தப்பா நெனைக்க மாட்டாரு" என்றாள். அவள் சொல்லாமலே இருந்திருக்கலாம். முன்னே போனால் கடிக்கிறது, பின்னே போனால் உதைக்கிறது.

திங்கட்கிழமை கோர்ட். உன்னைக் கேட்டுச் செய்ய ஆசைதான், ஆனால் கப்பல் தபால் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். முதலாளியின் தந்தி இந்தக் கடிதத்துக்கு முன்பே அங்கே வந்துவிடும். தங்கச்சி கேட்ட சட்டைத்துணி இப்போது வேண்டாம். வெயிலில் அலையாதே, ஞாயிறு பூசையை விடாதே, மாதா உன்னைக் கைவிட மாட்டாள். இதைப் படிக்கும்போது உன் வேலை போயிருந்தால் நான் ஜெயிலில் இருக்கிறேன், விசாரப்படாமல் வேறு இடம் தேடிக்கொள். வேலை இருந்தால் நான் வீட்டில்தான் இருப்பேன். அப்போது அம்மா பேருக்கு எழுது, எனக்கு எழுதாதே.

உன்னை ஆசீர்வதிக்கும் அப்பா,
சூ. அந்தோணி