பின்சந்தில் நடந்த தலைவர்

மார்ச் 3

பாசமுள்ள மருமகளே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சிலை வைத்துவிட்டார்கள் என்று நினைத்து எதிர்வீட்டுக்காரர் மாலை வாங்கப் போய்விட்டார். உன் அப்பாவின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதுகிறவள் என்னைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பாய்?

எழுதிக்கொள். அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றே தொழிலாளர் சங்கம் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். இரண்டு தேர்தலில் மண்ணைக் கவ்வினார். மூன்றாவதில் ஜெயித்து நாடாளுமன்றத்தில் வாய் திறந்தபோது நாலு மந்திரிகளுக்குக் காய்ச்சல் கண்டது. ஒருவருக்கு இன்னும் விடவில்லை. ஆறே வருஷத்தில் எதிர்க்கட்சித் தலைவர்.

பெரிய விவாதத்துக்கு முன்னால் சத்தம்போட்டு நடந்து பேச்சைப் பழகுவார். வீட்டில் முடியாது, அங்கே உன் அம்மா எதிர்க்கட்சி. அதனால் அவருடைய சாம்பல் நிறக் கோட்டை மாட்டிக்கொண்டு நான் காரில் முன்வாசல் வழியாகப் போவேன். காவல் ஜீப் என் பின்னால் வரும். அவர் அலுவலகப் பின்சந்தில் தனியாக நடப்பார். அவர், நான், உன் அம்மா, டிரைவர்: நாலு பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். கார்க் கண்ணாடியை நான் ஒருநாளும் இறக்கியதில்லை.

அந்த டிரைவர் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண். வாய் பேசாதவனை நம்பாதே.

உன் அப்பாவின் நிழல், நிஜத்தைவிடச் சற்றே பருமனான,
மாமா

மார்ச் 14

அன்புள்ள மாமாவுக்கு,

சிரித்துக்கொண்டேதான் படித்தேன். பிறகு டிரைவர் அண்ணனைப் போய்ப் பார்த்தேன். அப்பா கொலையில் சந்தேகத்தின் பேரில் மூன்று மாதம் காவலில் இருந்தவர், இப்போது டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறார்.

“கண்ணாடிய எறக்கலேன்னா சொன்னாரு? முக்குக்கு முக்கு எறக்குவாரும்மா. கையாட்டணும்ல” என்றார்.

வழக்குத் தாள்களையும் படித்தேன். சுட்டவன் காரின் பக்கமே வரவில்லை. நேராகச் சந்துக்குப் போய்க் காத்திருந்தான். யார் சொன்னது என்று சிறையில் சாகும்வரை வாய் திறக்கவில்லை. அப்பா இறந்த வியாழனுக்கு இரண்டு நாள் முன்பும் நீங்கள் காரில் போயிருக்கிறீர்கள். வாயில் பதிவேட்டில் இருக்கிறது. போலீசுக்குச் சொன்னதிலும் சரி, எனக்கு எழுதியதிலும் சரி, அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் இல்லை.

மாதக் கடைசியில் புத்தகம் அச்சுக்குப் போகிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது, மாமா?

அன்புடன்,
உங்கள் மருமகள்

மார்ச் 18

மாட்சிமை தங்கிய நீதிபதி அம்மையாருக்கு,

செவ்வாய்க்கிழமைகளையெல்லாம் நான் ஞாபகத்திலிருந்து நாடு கடத்தி வருஷம் முப்பதாகிறது. கண்புரை வேறு. டயர் கடைக்காரனின் பேச்சைக் கேட்டுத் தாய்மாமனைக் கூண்டில் ஏற்றுகிறாயே, நன்றாக இருக்கிறதா?

மாமா

மார்ச் 23

மருமகளே,

நீ பதில் போடவில்லை. இரண்டு நாளாகத் தபால்காரரைக் கண்டால் உள்ளே போய்விடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மார்க்கெட் முக்கில் கூட்டம். ஜீப் சிக்னலில் மாட்டிக்கொண்டது. டிரைவர் ஆட்களை விலக்க இறங்கிப் போனான். நான் கண்ணாடியை இறக்கினேன். ஒருவன் “தலைவரே” என்று மனுவை நீட்டினான். வாங்கிக்கொண்டேன். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “நீங்க அவரு இல்லியே” என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கோட்டுக்குள் எனக்கு உடம்பு கூசியது. அந்தச் சிரிப்பை என் பக்கம் திருப்பிவிடலாம் என்று, “அவரா? ஆபீஸ் பின்சந்துல சுவத்துக்கிட்ட ஓட்டு கேட்டுக்கிட்டு இருக்காரு” என்றேன். கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. கொடுத்த மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

பிறகு அவனை நீதிமன்றத்தில்தான் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான்.

யாரிடமும் ஒரு காசு வாங்கவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. டிரைவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனபோது நான் அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பேசவில்லை.

மாமா

மார்ச் 28

மாமா,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியையும் மாற்றாமல் அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவள் அதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டில் இருப்பாள். டிரைவர் அண்ணனையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

கதவைத் திறந்துவிட்டு நான் வெளியே போய்விடுவேன்.