எனக்கு மட்டும் வந்த காசோலை

அன்புள்ள அக்காவுக்கு,

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, நொடித்துப்போன அந்தக் கம்பெனியிலிருந்து எனக்கு வந்த காசோலையை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தேன். வீட்டில் என்னைத் தவிர யாருமில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் அத்தானின் சேமநிதிப் பணத்தோடு கோல சிலாங்கூருக்கு என்னைத் தேடி வந்து, “நீ காலேஜ் படிச்சவ. எதுல போடலாம், சொல்லு லா” என்றாய். அந்தக் கம்பெனியின் பங்கு வாங்கு, விலை ஏறும் என்றேன்; முழுப் பணத்தையும் போட்டாய். மறுவாரமே தோட்டத்தில் உன்னை வேலை வாங்கும் மண்டோரிடம், “இனிமே நானும் முதலாளி, கொஞ்சம் மெதுவா பேசுங்க” என்று சிரித்தாயாம்.

என் பணத்துக்கு நான் பங்கு வாங்கவில்லை. அதே கம்பெனியின் கடன்பத்திரம் வாங்கினேன். கம்பெனி விழுந்தால் கடன் கொடுத்தவர்களுக்குத்தான் முதலில் பணம்; மிச்சமிருந்தால்தான் பங்குக்காரர்களுக்கு. அதன் கடன் அளவுக்கு மிஞ்சியது என்று அன்றே எனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது என்று சொன்னால் என் படிப்பை நீ குறைவாக நினைப்பாயோ என்றுதான் உன்னிடம் சொல்லவில்லை.

கம்பெனி விழுந்தது; பங்குக்காரர்களுக்கு மிச்சம் எதுவும் இல்லை. அத்தான் படுத்த படுக்கையாகிவிட்டார். நீயோ, நானும் பங்குதான் வாங்கினேன் என்று நம்பி, “தங்கச்சிக்கும்தான் போச்சு, பாவம்” என்று உங்கள் உலு யாம் தோட்டத்தில் எல்லோர் வாயையும் அடைக்கிறாயாம்.

காசோலை உன் பணத்தில் பாதிக்கும் வராது.

உனக்கு வாசிக்கத் தெரியாது; உனக்கு வரும் கடிதங்களைத் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிதான் வாசித்துக் காட்டுவார். இதைத் தபாலில் போடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காசோலையோடு வந்து, உன் எதிரில் உட்கார்ந்து நானே வாசிப்பேன். இது இன்னும் யாருக்கும் தெரியாது.

உன் தங்கச்சி