நொத்தாரிசுக்குச் சொன்ன பெயர்

12 ஒக்டோபர் 2006, வியாழன்

போன மாதம் இரண்டு தரம் அடுப்பை நிறுத்த மறந்துவிட்டேன். அதனால்தான் இன்று நானும் இவரும் மகளோடு டவுன்டவுனில் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசிடம் போனோம். மரண சாசனம் சுலபமாக முடிந்தது. பிறகு இன்னொரு பத்திரம்: என் நினைவு தப்பினால் எனக்காக முடிவெடுப்பவர் யார் என்று.

"ஆரெண்டு நீங்களே சொல்லவேணுமாம், அம்மா," என்றாள் எங்களுக்காகப் பிரெஞ்சு கதைக்க வந்த மகள்.

"அப்பாதான்," என்றேன்.

நொத்தாரிஸ் அதையே பெயரென்று நினைத்துத் தட்டச்சு செய்துவிட்டார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. "நீரே சொல்லுமன்," என்றார்.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம். "இஞ்சாருங்கோ" என்பதற்கு மேல் நான் கூப்பிட்டதில்லை. இன்று பெயரைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் வரவு இடாப்புக் கூப்பிட்டதுபோல இவர் "ஓம்" என்று நிமிர்ந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் பியர்பொன்ட்ஸ் பஸ்ஸில் என் காதருகே குனிந்து, "இன்னொருக்காச் சொல்லும்," என்றார்.

"எல்லாம் மறந்தாப் பிறகு சொல்லுறன்," என்றேன். பகிடிக்குத்தான் சொன்னேன். என் கையைப் பிடித்தவர் இறங்கும்வரை விடவேயில்லை.

மறந்தால் பார்த்துக் கூப்பிட இவர் பெயரை இங்கே எழுதி வைக்கிறேன்.

சிவராசா.