ரஞ்சனிக்கு வந்த வார்த்தை

அன்புள்ள ரஞ்சனிக்கு அப்பா எழுதுவது. கோபியில் நீயும் அம்மிச்சியும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நான் சாப்பிடுகிறேன், ஷிப்டுக்குப் போகிறேன், அவ்வளவுதான். உன் லெட்டர் வந்தது. டீச்சர் ஆளுக்கொரு இங்கிலீஷ் வார்த்தையின் அர்த்தமும் பிறப்பும் எழுதி வரச் சொன்னதில் உனக்கு ‘சாரி’ வந்ததாக எழுதியிருந்தாய். தேயிலை ஃபேக்டரி கம்ப்யூட்டரில் தேடினேன். ஆயிரம் வருசத்துக்கு முந்தின இங்கிலீஷில் அதற்கு வலியோடு இருக்கிறவர் என்று அர்த்தம், புண்ணுக்குச் சொல்கிற ‘சோர்’ கூடப் பிறந்தது. துக்கத்துக்குச் சொல்கிற ‘சாரோ’ வேறு குடும்பம், சத்தம் ஒத்துப்போனதால் ஒட்டிக்கொண்டது. பிறகு பரிதாபமான, ஒன்றுக்கும் உதவாத என்றும் அர்த்தம் வந்தது. பஸ்ஸில் காலை மிதித்துவிட்டுச் சொல்கிற சாரியெல்லாம் ரொம்பப் பின்னால். டீச்சருக்கு இது போதும்.

அம்மா போனதிலிருந்து இங்கே அந்த வார்த்தை நிறையக் கிடைக்கிறது. மேனேஜர் சாரி தினகரன் என்று தோளைத் தட்டினார், மூன்றாம் நாள் டிரையர் நின்றுபோச்சு வா என்று ஆள் அனுப்பினார். பக்கத்து வீட்டு பெனிஸ் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, ஏனுங்க, மெசினுக்கெல்லாம் காத்து அளந்து வுடறவரு ஊட்டுக்குள்ள காத்த அடைச்சுப்போட்டீங்களே என்றார். குத்திக்காட்டச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

பாடத்துக்குக் கீழே நீ எழுதியதற்கு வருகிறேன். அம்மாவ முழுங்குனவளே என்று அம்மிச்சி சொல்வதாகவும், சாரிப்பா, தீபாவளிக்கு வந்தப்ப ஜன்னலை அடைக்கச் சொல்லியிருக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறாய். அம்மிச்சிக்கு அந்தப் பேச்சை எடுத்துக் கொடுத்தவன் நான். சாவு வீட்டில் எல்லார் முன்னாலும், இவ குளுருதுன்னு சொன்னா, அதான் அடைச்சேன் என்று உன்னைக் கை காட்டினேன். உனக்குப் பன்னிரண்டு வயசு. நீ தலையைக் குனிந்துகொண்டாய், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நீ சொன்னது ஜன்னல் மட்டும். நீ ஊருக்குப் போன பிறகு, ஜன்னலுக்கு வாங்கின சிலிகான் பசை மீந்திருக்கிறதே என்று மேலே இருந்த வென்டிலேட்டரையும் தெர்மாகோல் வைத்து ஒட்டினேன். நான் ஏறி நின்ற ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உன் அம்மா, ஏனுங்க, குளுருக்குக் கரியடுப்ப உள்ள வெக்கறமே, அந்தப் பொக போறதுக்கு ஒரு வழி வேணாமுங்களா என்று கேட்டாள். டிப்ளமோ படிச்சது நீயா நானா என்றேன். அவள் சிரித்தாள். எட்டாம் நாள் உறைபனி விழுந்தது, நான் ஷிப்டில் இருந்தேன், காலையில் பெனிஸ்தான் கதவை உடைத்தார். மூடின அறையில் கரி எரிந்தால் வருகிற விஷக்காற்றுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான்.

அதனால் உன் லெட்டரில் அந்தச் சாரி வரியை மட்டும் வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். அதை வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. இந்த லெட்டரை அம்மிச்சிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு, நடுவில் அழுதாலும் என்னைத் திட்டினாலும் நிறுத்தாதே. நன்றாகச் சாப்பிடு கண்ணு, நன்றாக இரு. முழுப் பரீட்சை லீவுக்கு இங்கே வருவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய். வருவதானால் அம்மாவின் ஸ்வெட்டர் உன் பெட்டியில் இருக்கிறது, மறக்காமல் எடுத்து வா. ஜன்னல், வென்டிலேட்டர் எல்லாவற்றிலும் அடைத்ததைப் பெயர்த்து எடுத்துவிட்டேன். வீடு குளிரும்.

இப்படிக்கு,
உன் அப்பா தினகரன்